ஆரோனின் வேலை – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உங்கள் எழுத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 37 வயது. தெகிவளையில் அம்மாவுடன் இருக்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்தவள்.

முழுநேர ஊழியத்துக்குப் போகவேண்டும் என்ற ஒரு நினைப்பு பள்ளிக்கூட நாட்களிலிருந்தே எனக்குள் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் போதகர் தாமாகவே என்னைக் கூப்பிட்டு, "பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அன்றிரவு சந்தோஷத்தில் தூங்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வீட்டில் எல்லோரும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். பதினொரு மாதத்தில் அப்பா போய்விட்டார். போதகரும் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். அந்தப் பேச்சும் அதோடு நின்றுவிட்டது.

இந்த வருடம் புதிய போதகர், சனிக்கிழமைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவில் என்னைச் சேர்த்தார். முதல் நாளே நான் தோற்றுவிட்டேன் ஐயா. வன்னியிலிருந்து வந்திருந்த ஒரு தாய், 19 வயது மகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஜெபித்தால் என் பிள்ளை பிழைப்பானா, சொல்லுங்கள்" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு தாதி வந்து குளிசைகளைப் பற்றிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை, அதைத் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அதையாவது சரியாகச் சொன்னேனா, இரவுக்கு இரண்டு என்றேனா ஒன்று என்றேனா என்று இரண்டு இரவு தூக்கமில்லை.

எனக்கே விசுவாசம் உறுதியாக இல்லாதபோது பிறருக்கு எதைக் கொடுக்க முடியும்? மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது ஆண்டவருடைய சத்தத்தைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் ஒன்றும் கேட்டதில்லை. இது அழைப்பா, வெறும் ஆசையா? குழுவிலிருந்து விலகிவிடலாம் என்று இருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வைத்தியசாலையின் பெயரையும் உங்களை அடையாளம் காட்டக்கூடிய இரண்டொரு வரிகளையும் எடுத்துவிட்டேன். மற்றபடி கடிதம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது.

நான் குருவானவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பதற்காகவே நேரத்தோடு போகிறவன். உங்களுக்கு அழைப்பு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். எழுதியவர் கவனிக்காமல் தாண்டிப்போன வரியில் கண் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது. தாதி சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன் என்று, செருப்பைக் கழற்றி வைத்தேன் என்பதுபோல, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

உங்களைப் போன்றவர்களுக்கு எல்லோரும் மோசேயின் கதையைச் சொல்வார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த ஜனங்களை மீட்டு வா என்று ஆண்டவர் அனுப்பும்போது, எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் "நான் எம்மாத்திரம்" என்கிறார். உம்முடைய நாமம் என்னவென்று கேட்டால் நான் என்ன சொல்வது என்கிறார். அவர்கள் என்னை நம்பமாட்டார்கள் என்கிறார். நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்கிறார். இந்த நான்குக்கும் பொறுமையாகப் பதில் கிடைக்கிறது. ஐந்தாவதாக, "நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்" என்றபோதுதான் ஆண்டவருக்குக் கோபம் மூளுகிறது. முதல் நான்கும் சந்தேகங்கள். ஐந்தாவது, மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொன்னது. நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் முதல் நான்கில்தான் அடங்குகிறது, குழுவிலிருந்து விலகப்போகிறேன் என்ற கடைசி வரியைத் தவிர.

இங்கே நான் கொஞ்சம் விலகிப் போகிறேன். மோசேயின் திக்குவாய் குணமானதாக எங்கும் எழுதப்படவில்லை. அவருக்குக் கிடைத்தது அவருடைய அண்ணன் ஆரோன். "அவன் உனக்கு வாயாக இருப்பான்" என்று சொல்லப்படுகிறது. சகோதரி, நீங்கள் உங்களை மோசே என்று நினைத்துக்கொண்டு அந்தக் கட்டிலருகில் நின்றீர்கள். அன்று அந்த வார்ட்டில் வாய் பேச முடியாமல் நின்றவர் அந்தத் தாய். மகனுக்கு எந்தக் குளிசையை எப்போது கொடுப்பது என்பதுகூட விளங்காமல், ஊரிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி வந்து நின்றார். நீங்கள் அவருக்கு வாயாக இருந்தீர்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் அது நடைமுறைக்கு வரவேண்டுமானால், தெகிவளையில் வளர்ந்து இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும்.

ஆரோனைப் பற்றி இன்னொன்றும் உண்டு. நன்றாகப் பேசத் தெரிந்த அதே ஆரோன்தான் பொன் கன்றுக்குட்டியைச் செய்தவர். மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதமாகிறது, ஜனங்கள் பயந்துபோகிறார்கள், கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்று கேட்கிறார்கள், இவர் செய்து கொடுத்துவிடுகிறார். பிறகு விசாரித்தபோது, பொன்னை அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது என்று ஒரு பதில். வேதாகமத்தில் எனக்குச் சிரிப்பு வரும் இடங்களில் இது முதலாவது. அந்தத் தாய் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அப்படி ஒன்றைத்தான். "நிச்சயமாகப் பிழைப்பான் அம்மா, ஆண்டவர் எனக்குச் சொல்லிவிட்டார்" என்று சொல்வதற்கு உங்களுக்கு ஒரு விநாடி போதும். அவர் அழுது நன்றி சொல்லியிருப்பார். நீங்களும் பஸ்ஸில் சந்தோஷமாக வந்திருப்பீர்கள். அப்படிக் கன்றுக்குட்டி வார்த்துக் கொடுக்கிறவர்கள் வார்ட்டுகளில் நிறையப் பேர் திரிகிறார்கள். அவர்களுக்குத் தன்னம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. உங்கள் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்ததால் நீங்கள் அதைச் செய்யவில்லை. அதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நான் உண்மையில் தோற்ற கதை ஒன்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக் குண்டுவெடிப்பில், என்னோடு அச்சகத்தில் வேலை செய்த ஒருவரின் மனைவி இறந்துபோனார். செய்தி அன்று மாலையே எனக்கு வந்துவிட்டது. ஊரடங்குச் சட்டம் போட்டிருந்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அது எனக்கு வசதியாகப் போயிற்று. போய் என்ன சொல்வது? திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. பகலில் போகக்கூடியதாக இருந்த நேரத்திலும் நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வசனம், எந்த வார்த்தை, எங்கே நிறுத்துவது என்று. நான்காம் நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வீதி முழுவதும் வெள்ளைக்கொடி. அவர் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உள்ளே போய் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் நிரப்பித் தருகிறீர்களா, எல்லாம் சிங்களத்தில் இருக்கிறது, வந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது" என்றார். நிரப்பினேன். மனைவியின் பெயர், பிறந்த திகதி, தொழில். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அவள் தையல் தைப்பாள், அதைப் போடுங்கள்" என்றார். பிறகு தேத்தண்ணீர் தந்தார்கள். குடித்தேன். தாள் சட்டைப்பையிலேயே இருந்து, அடுத்த நாள் சட்டையோடு சேர்ந்து தோய்க்கப்பட்டது.

மூன்று நாள் அந்தப் படிவம் அவர் வீட்டில் கிடந்திருக்கிறது. நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்த மூன்று நாள்.

எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இருக்கிறது. அதுவரை அவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. எனக்கே விசுவாசம் இல்லாதபோது எதைக் கொடுப்பது? மெதடிஸ்த வீட்டில் பிறந்த உங்களுக்கு இதை நினைவுபடுத்துவதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான சந்தோஷம்: ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டவர், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லி. அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போய், மனம் ஒடிந்து, 1738இன் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார். குருப்பட்டம் பெற்றுப் பத்து வருடம் ஆகியிருந்தது. வயது 34, உங்களைவிட மூன்று குறைவு. அந்த மார்ச் மாதம், தனக்கு விசுவாசமே இல்லை, பிரசங்கிப்பதை விட்டுவிடட்டுமா என்று பீட்டர் போலர் என்ற மொரேவிய சபை இளைஞரிடம் கேட்டார். போலருக்கு வயது 25. விட வேண்டாம், விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியுங்கள், வந்த பிறகு அது வந்திருப்பதனால் பிரசங்கிப்பீர்கள் என்று அவர் சொன்னார். வெஸ்லி முதலில் போய்ப் பேசியது மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியிடம். தேவாலயத்துப் பிரசங்க மேடையைத் தேடிப் போகவில்லை.

அதற்குப் பிறகு மே 24ஆம் திகதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதிக் கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனல் கொண்ட கதையைச் சபையில் வருடா வருடம் சொல்கிறார்கள். அதோடு கதையை முடித்தும்விடுகிறார்கள். அடுத்த ஜனவரியிலேயே, நான் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று அவர் எழுதியதைச் சொல்வதில்லை. 1766இல், 63 வயதில், தம்பி சார்ல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தமக்குள் தேவ அன்பு இருந்ததே இல்லை என்று எழுதியதையும் சொல்வதில்லை. அந்த வருடங்கள் முழுவதும் மனிதர் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்துக்கொண்டுதான் இருந்தார். சந்தேகம் தீர்ந்த பிறகு புறப்படலாம் என்று இருந்திருந்தால் நீங்களும் நானும் வேறு ஏதாவது சபையில் இருந்திருப்போம்.

சத்தம் கேட்கவில்லை என்கிறீர்கள். சாட்சிக் கூட்டங்களில் கேட்கும் சத்தங்களைப் பற்றி நான் வாயைத் திறந்தால் எனக்கு விரோதிகள் அதிகமாவார்கள். வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலுக்குச் சத்தம் கேட்டது உண்மைதான். அவனோ அதை ஆசாரியர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று முறை எழுந்து ஓடினான். அது யாருடைய சத்தம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர், கண் மங்கிய கிழவர் ஏலி. உங்களிடம் கேட்காமலே உங்கள் பழைய போதகர் பிலிமத்தலாவையைப் பற்றிப் பேசினாரே, அதை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?

அவர் போய்விட்டதோடு எல்லாம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தீவின் மெதடிஸ்த சபை அப்படி நின்றுபோன இடத்திலிருந்து தொடங்கியது. 1813இன் கடைசியில், வெஸ்லியோடு ஊழியம் செய்த தோமஸ் கோக் சில இளம் மிஷனரிகளை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். திட்டம், தொடர்புகள், பணத்துக்கான ஏற்பாடு எல்லாம் அவர் கையில். 1814 மே 3ஆம் திகதி இந்து சமுத்திரத்தின் நடுவில் அவர் தமது அறையில் இறந்து கிடந்தார். கடலில் அடக்கம் செய்தார்கள். மிஞ்சியவர்கள் பம்பாயில் இறங்கியபோது கையில் செலவுக்கு வழியில்லை. அங்கே ஒரு வியாபாரி முன்பணம் கொடுத்து உதவினார். ஜூன் கடைசியில் காலிக்கு வந்து சேர்ந்து, யார் எந்த ஊருக்கு என்று தங்களுக்குள் முடிவு செய்தார்கள். இருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். மட்டக்களப்புக்குத் தனியே போன வில்லியம் ஓல்ட் ஒரு வருடம் முடியுமுன்னே இறந்துபோனார். அவர்களுக்குத் தைரியம் பொங்கிக்கொண்டிருந்தது என்று நான் நம்பவில்லை. திரும்பிப் போகக் கப்பல் கூலி இல்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிலிமத்தலாவையைப் பற்றி ஒன்றே ஒன்று. 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த, பிரஸ்பிதேரியன் சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரி அது. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கிறார்கள். அங்கே போகவேண்டுமானால் முதலில் உங்கள் சபை உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குடைந்து குடைந்து கேட்கும். தகுதியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அது அவர்களுடைய வேலை. மூன்று வருடமாக அந்த வேலையையும் நீங்களே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். புதிய போதகரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றியும், விழுந்துபோன ஜெபத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். கடைசியில் அவர்கள் வேண்டாம் என்றாலும், சனிக்கிழமைகள் மிஞ்சும்.

சனிக்கிழமை என்றதும் அந்தக் குளிசை ஞாபகம் வருகிறது. இரவுக்கு ஒன்றா இரண்டா என்று தூக்கமில்லாமல் இருந்தீர்களே. நானும் உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் போய் அந்தத் தாதியிடம் இன்னொரு தடவை கேளுங்கள். கேட்டதை ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.