சுக்கான் ஆடினால் சுக்கானையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: போர்ட் கிள்ளானில் நிற்கும் என் 30 அடி ஃபைபர் பாய்மரப் படகின் சுக்கான், அலையில் டக்டக்கென்று தட்டுகிறது. கரையேற்றிப் பார்த்தால் கீழ்நுனி 5 மி.மீ. ஆடுகிறது. தண்டு 40 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். புதுச் சுக்கானே போடச் சொல்கிறார் தரகர். போடலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நுனியின் ஆட்டத்தைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். தண்டு சுழல அதைத் தாங்கிப் பிடிக்கும் குழல்கள்தான் புஷ்கள். மேலும் கீழுமாக உள்ள இரண்டு புஷ்களுக்கும் நடுவே 60 செ.மீ., கீழ் புஷ்ஷிலிருந்து நுனிவரை 120 செ.மீ. என்று வையுங்கள். இரு புஷ்ஷிலும் 1 மி.மீ. இடைவெளி இருந்தாலே நுனி 5 மி.மீ. ஆடும். கிள்ளான் ஆற்றுச் சேறு புகுந்தால் அந்த அளவு தேய்வது இயல்பு.

ஒருவர் சுக்கானைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். நீங்கள் தண்டும் புஷ்ஷும் சேருமிடத்தில் விரல் வையுங்கள். தண்டு நகர்ந்தால் புஷ்தான் தேய்ந்திருக்கிறது. தண்டு அசையாமல் நீரில் நிற்கும் சுக்கான் பலகை மட்டும் அசைந்தால் உள்ளே வெல்டிங் விட்டிருக்கிறது; சுக்கானில் கை வைக்க வேண்டியது அப்போதுதான்.

பலகைக்கு முட்டுக் கொடுத்த பிறகே கழற்றுங்கள். புஷ் உட்காரும் இடத்தில் தண்டை மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் புதுப் புஷ் மட்டும் போட்டுப் பயனில்லை.

புஷ்ஷுக்கு டெல்ரின் எனப்படும் அசிட்டால் பிளாஸ்டிக் வாங்குங்கள். அதன் பெயரில் நைலானைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நைலான் நீரை உறிஞ்சி உப்பித் தண்டை இறுக்கிப் பிடிக்கும். கடையிலேயே எடை போடுங்கள்: 60 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள துண்டு அசிட்டால் என்றால் சுமார் 400 கிராம், நைலான் என்றால் 320.

தண்டுக்கும் புஷ்ஷுக்கும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். அழுத்திச் செருகியதும் உள்துளை சுருங்கும். ஆகவே செருகிய பின் அளந்து, துளையைச் சரியான அளவுக்குக் கடையும் ரீமர் போடச் சொல்லுங்கள். முந்தின இரவு புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்தால் சுத்தியல் அடி தேவைப்படாது.

உங்களுடையது ஸ்டீல் தண்டு. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அலுமினியத் தண்டுக்கு வெண்கலப் புஷ் கூடவே கூடாது. உப்புநீரில் இரண்டும் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். கிரீஸ் பூசினால் போதும் என்பார்கள், போதாது. மேல் புஷ்ஷுக்கு மட்டும் வெண்கலம் போடலாம் என்பார்கள், அங்கேயும் நீர் ஏறும். பழைய புஷ் வெண்கலம்தானே என்று எவரோ செய்த தவறைத் திரும்பச் செய்யவும் வேண்டாம்.

படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் யார்டுகள் நாள் வாடகை வாங்குவதால் உங்கள் வேலையை முடிக்க அங்கே எவருக்கும் அவசரமில்லை. படகைத் தூக்குமுன்பே லேத் பட்டறையில் நாள் குறித்து, புஷ் கடைவதற்கான அசிட்டால் உருளையையும் வாங்கி வைத்துவிடுங்கள். பழைய படகுகளின் வரைபடத்தைத் தேடிக் கிடைப்பது அரிது. தேய்ந்த புஷ்தான் உங்களுக்கு வரைபடம். வெளிவிட்டத்தையும் நீளத்தையும் அதிலிருந்தே எடுத்து, வேலை முடிந்ததும் அந்தப் பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கி வாருங்கள்.