கம்பெனி நடத்தும் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில் ஓசிக்கு உழைப்பது ஏமாளித்தனமா?

கோவையில் இன்ஜினியரிங் படிப்பதாகவும், நிரல் (கோடு) எல்லாருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்குள் பெரிய கம்பெனிகள் வந்தால் தன்னார்வலர் சமூகம் கெட்டுவிடும் என்று சீனியர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், பணம் வருவதால் எதுவும் கெடுவதில்லை. பேரும் உரிமையும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லினக்ஸ் சர்வர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நிட்டிங் ஓட்டும் முதலாளி ஒருத்தர் கேட்டார்: "ஏனுங் தம்பி, சும்மா குடுக்கறவனுக்கு இதுல என்னுங்க கெடைக்குது?" வியாபாரிக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் வரும். இன்டெலுக்கு சிப் விற்க வேண்டும், கூகுளுக்கு ஆண்ட்ராய்டு ஓட வேண்டும். அதனால் சம்பளம் கொடுத்து ஆள் போட்டு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எழுத வைக்கிறார்கள். கெர்னலில் சேரும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் 'சைன்டு ஆஃப் பை' என்று பேரும் மின்னஞ்சலும் இருக்கும். மின்னஞ்சலின் பின்பாதியைப் பாருங்கள், நிறையக் கம்பெனி முகவரிகள் இருக்கும்.

அப்படியும் கெர்னலை எந்தக் கம்பெனியாலும் சுருட்டிக்கொண்டு போக முடியாது. பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. நம்ம பக்கம் கூட்டுக் கிணறு இருக்கிறதல்லவா, அதே கதை. முறை வைத்து மோட்டார் போட்டுக்கொள்ளலாம். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் மொத்தக் கிணற்றை ஒருத்தர் கிரயம் பண்ண முடியாது.

எல்லா ப்ராஜெக்டும் அப்படி இல்லை. சிலவற்றுக்கு நீங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பியதும் ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) வந்து, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும். யாரும் படிப்பதில்லை, கிளிக் பண்ணிவிட்டுப் போய்விடுகிறோம். நீங்கள் எழுதியதை நாளைக்கு வேறு உரிமத்தில் வெளியிடவும் கம்பெனிக்கு அதில் வழி இருக்கலாம். சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெராஃபார்மை வைத்திருந்த ஹாஷிகார்ப் கம்பெனியிடம் அப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தது; 2023 ஆகஸ்டில் உரிமத்தைக் கட்டுப்பாடுள்ளதாக மாற்றிக்கொண்டார்கள். கோபப்பட்டவர்கள் பழைய நிரலைப் பிரித்தெடுத்து, இன்று ஓப்பன்டோஃபு என்ற பேரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் நடத்துகிறார்கள்.

சர்வர்களில் ஓடும் இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் கதையில் சிக்கியது பேர். 2014இல் லினக்ஸ் கம்பெனியான ரெட்ஹேட் அதைத் தன் கீழ் கொண்டுவந்து முக்கிய டெவலப்பர்களுக்கு வேலையும் கொடுத்தபோது எல்லாருக்கும் சந்தோஷம். 2020 டிசம்பரில், 2029 வரை ஓடவேண்டிய எட்டாம் பதிப்பு 2021 முடிவோடு நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்தது. நிரல் திறந்திருந்ததால் ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு முளைத்தன. சென்ட்ஓஎஸ் என்ற பேரை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை. 2010இல் ஓப்பன்ஆஃபீஸ் என்ற இலவச ஆஃபீஸ் மென்பொருளை எழுதியவர்கள், அந்தப் பேரை வைத்திருந்த ஆரக்கிள் கம்பெனியை விட்டு வெளியே வந்து லிப்ரேஆஃபீஸ் என்று பேர் வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

பணமே வராவிட்டால் நல்லா இருக்குமா என்றால், அதுவும் இல்லை. உலகத்து வெப்சைட்டுகளில் பெரும்பங்கு தகவலைப் பூட்டிக் காக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடைதான் வந்துகொண்டிருந்தது. 2014இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் கம்பெனிகள் பர்ஸைத் திறந்தன.

அப்புறம் இந்த டி-சர்ட் ஆசை. 2020இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு விழாவில் நாலு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-சர்ட் என்றார்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து ஆயிரக்கணக்கில் குப்பை அனுப்பி, சம்பளமில்லாமல் பராமரிப்பவர்களின் உயிரை வாங்கிவிட்டார்கள். டி-சர்ட்தான் வேணுமென்றால் எங்க ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டைக்கு வாங்க, கிலோ கணக்கில் கிடைக்கும்.

ஆக, ஏமாளித்தனம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தை ஒருதரம் படியுங்கள். மாற்றங்களை மெர்ஜ் பண்ணும் (ப்ராஜெக்டில் சேர்க்கும்) உரிமை கம்பெனிக்கு வெளியே யாருக்காவது இருக்கிறதா, வெளியாள் அனுப்பியதை எத்தனை நாள் கிடப்பில் போடுகிறார்கள் என்று பழைய புல் ரிக்வெஸ்டுகளைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அதற்கு அரை மணி நேரம் போதும்.