முகம் மட்டும் காலியாக இருக்கட்டுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. ஆட்டிசம் இருக்கிறது என்று நான்கு வருடங்களுக்கு முன்புதான் உறுதியானது. சின்ன வயதிலிருந்தே நிறைய வரைவேன். சட்டை மடிப்பு, விரல் கணு, செருப்பு வார் எல்லாம் அப்படியே வந்துவிடும். முகத்துக்கு வந்தால் கை நின்றுவிடும். கண்ணை வரைந்தால் அது என்னையே பார்ப்பதுபோல இருக்கும், தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதனால் முகத்தைக் காலியாகவே விடுகிறேன். தப்பித்தவறி வரைந்த ஒன்றிரண்டு முகங்களிலும் உணர்ச்சியே இல்லை என்கிறார்கள். வகுப்பில் ஆசிரியர், "உனக்கு மனுஷங்க மேல அக்கறையே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். நான் முகம் வரையக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? பாட்டியை மட்டும் ஒரு தடவையாவது வரைந்துவிட வேண்டும் என்று ஆசை.
- பெயர் வேண்டாம்

பதில்: முதலில் அந்த ஆசிரியர் கேட்டதை ஓரமாக வைத்துவிடலாம், அது தப்பான கேள்வி. மனிதர்கள் மேல் அக்கறை இல்லாத ஒருவர், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் செருப்பு வார் எத்தனையாவது துளையில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து வரையமாட்டார். நீங்கள் பார்க்கிறீர்கள். மற்றவர்கள் முதலில் பார்க்கிற இடத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

படத்தில் முகம் இல்லையென்றால் வரைந்தவரிடம் ஏதோ குறை என்று நினைப்பது ரொம்பப் பழைய பழக்கம். 1926-இல் ஃப்ளோரன்ஸ் குட்இனஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். குழந்தையிடம் ஒரு மனிதனை வரையச் சொல்லி, கண் இருக்கிறதா, மூக்கு இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா என்று எண்ணி மதிப்பெண் போட்டு, அதை வைத்து அறிவுத்திறனைக் கணிப்பது. பின்னால் வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், படத்தைப் பார்த்தே வரைந்தவரின் மனதைப் படித்துவிடலாம் என்றார்கள். காலி முகத்தைக் கண்டதும் பதறுகிறவர்களிடம் அந்தப் பார்வையின் மிச்சம் இன்னும் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, கண்ணுக்கு வருவோம். வரைந்த கண் உங்களையே பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ள பலர் இதையே வேறு வேறு வார்த்தைகளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: சுடுகிறது, குத்துகிறது, சத்தம் போடுகிறது. 2017-இல் வெளியான ஒரு மூளை ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் திரையில் முகங்களைக் காட்டி, கண் இருக்கும் பகுதியைப் பார்க்கச் செய்தார்கள். அப்போது மூளையின் ஆழத்தில், முகங்களையும் ஆபத்தையும் சட்டென்று உணரும் பகுதிகள் மற்றவர்களைவிட அதிகமாகத் தூண்டப்பட்டன. கவனியுங்கள், அது திரையில் இருந்த கண்தான், நேரில் நின்ற மனிதருடைய கண் கிடையாது. ஆக நீங்கள் தாளைக் கவிழ்த்து வைப்பதில் அலட்சியம் எதுவும் இல்லை. அந்தக் கண் உங்களுக்குள் நிறையச் செய்கிறது, அதனால் கவிழ்க்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லோருமே முகத்தைத் தவிர்ப்பவர்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005-இல் ஹெலிகாப்டரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, டோக்கியோ நகரத்தை 10 மீட்டர் நீளத் துணியில் நினைவிலிருந்தே வரைந்தவர். அவரைப் போன்றவர்கள் புகழ்பெற்றதாலோ என்னவோ, ஆட்டிசம் என்றால் கட்டடமும் இயந்திரமும்தான் வரைவார்கள் என்று ஓர் எண்ணம் பரவிவிட்டது. ஆனால் முகத்தைத் தவிர வேறு எதையுமே வரையாதவர்களையும் எனக்குத் தெரியும். நேரில் ஒருவர் முகத்தை இரண்டு நொடிக்கு மேல் பார்க்க முடியாதவர், கையில் பென்சில் இருந்தால் இரண்டு மணி நேரம் பார்க்கிறார். வரைவதுதான் அவருக்கு உற்றுப் பார்க்கக் கிடைக்கிற அனுமதி.

முகத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் வகுப்பறைகள் பெரிய தப்புப் பண்ணுகின்றன. முதலில் ஒரு நீள்வட்டம், நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, அப்புறம் கண், மூக்கு, வாய் என்று முழுசிலிருந்து துண்டுக்குப் போகச் சொல்லித் தருகிறோம். கனடாவில் லோரான் மோத்ரோன் என்ற மனநல ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவரும், மிகத் திறமையாக வரையும் ஆட்டிசம் உள்ள ஒருவரைக் கூர்ந்து கவனித்து 1993-இல் எழுதினார்கள். அவர் வெளிக்கோடு போட்டுவிட்டு உள்ளே நிரப்புவதில்லை. ஏதோ ஒரு சின்ன இடத்தில் தொடங்கி, அதை ஒட்டியிருக்கிற அடுத்த துண்டு, அதை ஒட்டிய அடுத்தது என்று நகர்ந்து முடிக்கிறார், படமும் சரியாக வந்துவிடுகிறது.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான். எதிரில் இருந்தவரின் காதில் தொடங்கினான். காதின் உள்மடிப்பு மட்டும் நாற்பது நிமிடம். அங்கிருந்து கிருதா, கிருதாவிலிருந்து தாடை, தாடையிலிருந்து உதட்டோரம். நெற்றிக்கு வரும்போது தாளில் இடம் இல்லை. வேறு ஆசிரியராக இருந்தால் "அளவு தப்பு, மறுபடி போடு" என்றிருப்பார் (எனக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது, மறைக்கவில்லை). அவன் இன்னொரு தாளை எடுத்து மேலே ஒட்டிக்கொண்டு வரைந்தான். கடைசியாகக் கண். அதற்குள் சுற்றியிருந்த எல்லாம் முடிந்திருந்ததால், கண்ணுக்கு மிச்சமிருந்தது ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான், அதை நிரப்ப அவனுக்குப் பயமாக இல்லை. அந்த முகம் உட்கார்ந்திருந்தவரைப் போலவே இருந்தது.

அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸ் (1940-2021) கதை இதற்குப் பக்கத்தில் வரும். அவருக்கு ஆட்டிசம் இருந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் பழகிய முகத்தைக்கூட அடையாளம் காண முடியாத நிலை அவருக்கு இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கும் இந்தச் சிரமம் உண்டு. எதிரில் இருப்பவர் தலையைக் கொஞ்சம் திருப்பினால் க்ளோஸுக்கு அது புது முகம். அதனால் புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக, ஆளுயரத்துக்கும் பெரிய முகங்களை வரைந்தார். தட்டையாக்கிய முகம்தான் தன் நினைவில் நிற்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் பெரும்பகுதி முகம்தான் வரைந்தார்.

ஆகவே நீங்களும் உங்களுக்கு ஒத்துவருகிற வாசல் வழியாக உள்ளே போகலாம். புகைப்படத்திலிருந்து வரையுங்கள், அதில் கேவலம் எதுவும் இல்லை. ஒரு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி, அதைப் படத்தின்மேல் வைத்து, தெரிகிற துண்டை மட்டும் வரைந்துவிட்டு நகர்த்துங்கள். அதுவும் கஷ்டமாக இருந்தால் புகைப்படத்தைத் தலைகீழாக வையுங்கள். தலைகீழ் முகத்தை மூளை முகமாக எடுத்துக்கொள்ளத் திணறும், வெறும் நிழலும் வளைவுமாகத் தெரியும், அது உங்கள் சட்டை மடிப்பு மாதிரிதான். கீழே பார்ப்பவர்கள், பக்கவாட்டில் இருப்பவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் என்று உங்களைப் பார்க்காத முகங்களில் தொடங்கலாம். கண்ணையும் ஒரு பொருளாகப் பாருங்களேன்: மேல் இமைக்குத் தடிமன் இருக்கிறது, அதன் நிழல் விழியின்மேல் விழுகிறது, வெள்ளை என்று நினைக்கிற இடம் வெள்ளையே இல்லை, உருண்டையாகச் சாம்பல் பூத்திருக்கும். அளவைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் கண் இருக்கும். முடியையும் சேர்த்து அளக்க மறந்து, பெரும்பாலானவர்கள் மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

நீங்கள் வரைந்த முகத்தில் உணர்ச்சி இல்லை என்று சொல்கிறவர்களிடம், பக்கத்தில் இருப்பவர்களை ஒரு பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நேரம் யார் முகத்திலும் பெரிதாக எதுவும் இருக்காது. நீங்கள் பார்த்ததை வரைந்திருக்கிறீர்கள். வேண்டுமென்றால் ஒன்று கற்றுக்கொள்ளலாம்: சிரிப்பு. 1862-இல் தியூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தது இன்றும் ஓவியர்களுக்கு உதவுகிறது. மனதார வருகிற சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், கீழ் இமை கொஞ்சம் உப்பிக்கொள்ளும். வாயை மட்டும் வளைத்தால் அது போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு. இப்படி அடையாளத்தைத் தெரிந்துகொண்டு வரைவது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பையும் தசையையும் படித்து வரைவதை எல்லா ஓவியரும்தான் செய்கிறார்கள்.

முகம் வரையக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஆசிரியருக்காகவோ, உங்களை நிரூபிக்கவோ என்றால் நிச்சயமாக வேண்டாம். உங்கள் படத்தில் முகம் காலியாக இருப்பதற்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, கையும் துணியும் செருப்பும் அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கின்றன.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் பாட்டியை எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் ஆசை, அதற்காக மட்டும் முயன்று பாருங்கள். பாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டு, அவர் மதியம் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். கண் மூடியிருக்கும். காதில் ஆரம்பியுங்கள், வயதானவர்களின் காது மடல் தொங்கி நீண்டு வரைவதற்கு அத்தனை அருமையாக இருக்கும். அங்கிருந்து கன்னத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மூடிய இமை வரைக்கும் வாருங்கள். அங்கேயே கை நின்றுவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கு அது போதும். இரண்டு தாள் ஆனால் ஒட்டிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு தாளைக் கவிழ்க்காமல் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.