வலித்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்

கேள்வி: தோள்பட்டை, இடுப்பு இறுக்கத்துக்கு ஆயுர்வேத மருத்துவர் ஏழு நாள் அப்யங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். எண்ணெய் தேய்த்துவிடுவது என்று தெரியும். உள்ளே என்னென்ன செய்வார்கள்? கூச்சமாகவும் இருக்கிறது. – வாசகி, திருச்சி

பதில்: முறையான சிகிச்சை நிலையத்தில் பெண்களுக்குப் பெண்கள்தான் தேய்த்துவிடுவார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கட்டிக்கொள்ளக் கோவணத் துணியோ, ஒருமுறை போட்டுவிட்டு எறியும் உள்ளாடையோ தருவார்கள். தேய்க்கும் இடம் தவிர மற்றதைத் துண்டால் மூடச் சொல்லலாம். மார்பு, வயிறு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குப்புறப் படுக்கும்போது நிறைந்த வயிறு எதுக்களிக்கும். வெறும் வயிறும் வேண்டாம், நீராவியில் தலைசுற்றும். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, பழைய நைட்டி ஒன்றை எடுத்துப் போங்கள். தைலக் கறை லேசில் போகாது.

ஸ்டூலில் உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தொடங்குவார்கள். தலை, காது, பிடரி, தோள் முடிந்ததும் மரப்பாத்தி எனும் மசாஜ் மேசையில் படுக்க வேண்டும். மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற, மறுபக்கம் ஒருக்களித்து, திரும்ப மல்லாந்து, கடைசியில் உட்கார்ந்து என்று, முதலில் ஸ்டூலில் உட்கார்ந்ததையும் சேர்த்து மொத்தம் ஏழு நிலைகள். கை கால்களில் நீளவாக்கிலும் மூட்டுகளில் வட்டமாகவும் தேய்ப்பார்கள். வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசைதான். பெருங்குடல் போகும் வழி அது. ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லி தைலம் ஆகும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதே நல்லது. நேராக அடுப்பில் வைத்தால் சூடு சட்டென்று ஏறிவிடும். முதல் கை பட்டதும் சுட்டால் அப்போதே சொல்லுங்கள்.

இதெல்லாம் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். பிறகு, மருத்துவர் சொல்லியிருந்தால், தலை மட்டும் வெளியே இருக்கும் நீராவிப் பெட்டியில் ஐந்து முதல் பத்து நிமிடம். நெற்றியில் வியர்வை அரும்பினால் போதும். படபடப்பு வந்தால் நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் திறக்கச் சொல்லுங்கள்.

இங்கே அதிகம் பயப்பட வேண்டியது வழுக்கி விழுவதற்குத்தான். உள்ளங்காலைத் துடைக்கச் சொல்லி, பாத்தியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். எண்ணெய் போகப் பாசிப்பயறு மாவு தருவார்கள். உடம்புக்கு வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பான நீர். தலை துவட்டியதும் உச்சியில் ராஸ்னாதி என்ற மூலிகைப் பொடியைத் தேய்ப்பது நீர் கோக்காமலிருக்க.

கேள்வி: உயிர் போகிற மாதிரி அழுத்தினால்தான் தசை முடிச்சு கரையுமாமே? – வாசகர், மதுரை

பதில்: கரையாது. வலி எல்லை மீறினால் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகும். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம். பத்துக்கு ஐந்துக்கு மேல் வலித்தால், “கொஞ்சம் லேசாக” என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் அடித்துப் போட்டாற்போல் இருப்பது ஓரிரு நாளில் போய்விடும். கன்றிப் போனாலோ, விரல் மரத்தாலோ, அடுத்த அமர்வுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தைத் திருகி நெட்டி முறிக்கிறார்கள். நல்லதா? – வாசகர், சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இரண்டு, கழுத்தெலும்புத் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் அந்த ‘டக்’ சத்தத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்தல்ல. நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மசாஜ் யாருக்கு ஆகாது? – வாசகி, நாகர்கோவில்

பதில்: காய்ச்சல், அஜீரணம், தோல் தொற்று, ஆறாத எலும்பு முறிவு இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பமோ மாதவிலக்கோ என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எள் ஒவ்வாதவர்கள் தைலத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான தைலங்கள் நல்லெண்ணெயில் காய்ச்சியவை.