மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: குழந்தைக்கு முன்பா, பின்பா?

கேள்வி: வயது 26, திருமணமாகவில்லை. மார்பகங்கள் மிகப் பெரிதாக இருப்பதால் கழுத்தும் முதுகும் ஓயாமல் வலிக்கின்றன. பிரா பட்டை அழுத்தித் தோளில் பள்ளமே விழுந்துவிட்டது. மார்புக்கு அடியில் அடிக்கடி புண் வருகிறது. உடற்பயிற்சியால் உடம்பு இளைத்தும் மார்பு குறையவில்லை. ஆபரேஷன் செய்தால் தாய்ப்பால் கொடுக்க முடியாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் தொல்லைகளே இந்த அறுவை சிகிச்சையை யோசிக்கப் போதுமான காரணம். அழகுக்காக அலைகிறாள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உடற்பயிற்சி கொழுப்பைத்தான் கரைக்கும். இளவயதில் மார்பகத்தில் சுரப்பித் திசுவும் நிறைய இருக்கும். அது அசையாது.

தாய்ப்பால் விஷயத்தில் வீட்டாரின் பயம் பாதி சரி. பெரும்பாலும் காம்பைத் தனியாக வெட்டி எடுப்பதில்லை. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் ஒரு திசுத் தண்டோடு அதை விட்டுவைத்து, சுற்றியுள்ள சுரப்பி, கொழுப்பு, தோலை அகற்றி, மேலே ஏற்றித் தைப்பார்கள். அந்தத் தண்டில் எவ்வளவு சுரப்பியும் பால் நாளங்களும் மிஞ்சுகின்றனவோ அதைப் பொறுத்தே பால். பலர் கொடுக்கிறார்கள், போதாமல் புட்டிப் பாலும் சேர்க்க நேரலாம். மிக மிகப் பெரிய மார்பகங்களில் சில சமயம் காம்பைத் தனியே எடுத்து ஒட்டவேண்டி வரும். அப்படிச் செய்தால் பால் கொடுக்க முடியாது, உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும். எனவே பிளாஸ்டிக் சர்ஜனிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்கு எந்த முறை என்பதை. கப் சைஸ் பேச்செல்லாம் பிறகு. இந்த சைஸ்தான் வரும் என்று அடித்துச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். அளவுக்கு மீறி எடுத்தால் காம்புக்கு ரத்தம் போவதே கெடலாம்.

ஓரிரு வருடத்தில் குழந்தை என்ற எண்ணம் இருந்தால் பொறுப்பது நல்லது. கர்ப்பத்தில் மார்பகம் மறுபடி பெருத்துத் தளரும். அப்படி எண்ணமில்லை, எடையும் சில மாதங்களாக ஒரே நிலையில் இருக்கிறது என்றால், வலியோடு வருடங்களைத் தள்ள வேண்டியதில்லை.

புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும்; காம்பு அழுகுவதும் தையல் விடுவதும் புகைப்பவர்களுக்கே அதிகம். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளையும், தழும்பு தடிக்கும் உடம்பு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முழு மயக்கத்தில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். தையல் காம்பைச் சுற்றி வந்து, நேராகக் கீழிறங்கி, பெரும்பாலும் மார்பின் அடி மடிப்பிலும் ஓடும். இவை சந்திக்கும் முனையில்தான் தோலின் இழுப்பு அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. அங்கே சிறிது பிளந்துகொள்வது அடிக்கடி நடப்பதுதான். டிரெஸ்ஸிங்கிலேயே பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் முதல் நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, காம்பு கறுத்தாலோ, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

மேசை வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். ஆறு வாரம் வரை கனம் தூக்கக்கூடாது. கம்பி இல்லாத பிராவை இரவும் பகலும் அணியவேண்டும். வடிவம் படிய ஆறு மாதமாவது ஆகும். தழும்பு வெளிற ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும், முற்றாக மறையாது. தோள் வலி மட்டும் பலருக்குச் சில வாரங்களிலேயே குறைந்துவிடுகிறது.