சங்கு, முத்து, மீன், ஆடம் ஸ்மித்: கேட்டவர்களுக்குப் பதில்

முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றை நடத்திவிட்டு இப்போது கீழக்கரையில் சும்மா இருக்கிறேன். தெரியாமல் "கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன், கேட்டுவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன். நான் படித்தது பொருளாதார அறிஞர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதை. எந்தப் பங்கை வாங்கலாம் என்பதை இல்லை.

மண்டபத்திலிருந்து: சார், சந்தையை அதன் போக்கில் விட்டால் கண்ணுக்குத் தெரியாத கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதுதானே ஆடம் ஸ்மித் கொள்கை?

1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்' என்ற அவருடைய தண்டி புத்தகத்தில் அந்தக் கை ஒரே ஒரு தடவைதான் வருகிறது. அங்கே பேச்சு இறக்குமதித் தடையைப் பற்றி. வியாபாரி தூரதேசத்தில் பணத்தைப் போடப் பயந்து கண் எதிரே உள்நாட்டிலேயே போடுகிறான், அவன் நினைக்காமலே நாட்டுக்கும் நன்மை நடக்கிறது என்கிறார். 1759-ல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் இன்னொரு தடவை, வானியல் கட்டுரையில் ஒரு தடவை. வானியல் கட்டுரையில் அது ஜூபிடர் சாமியின் கை! அதே 1776 புத்தகத்தில், ஒரே தொழில் செய்கிறவர்கள் கேளிக்கைக்காகக் கூடினால்கூடப் பேச்சு விலையை ஏற்றும் சதியில்தான் போய் முடியும் என்றும் எழுதியிருக்கிறார், அதை யாரும் பகிர்வதில்லை. ஒற்றை வரியை நம்பாதீர்கள், முன்பக்கம் பின்பக்கம் புரட்டுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: தங்கம் விலை எப்போது இறங்கும்?

தெரியாது. நகைக்கடைக்காரருக்கும் தெரியாது, ஆனால் அவர் கலராவது வாங்கித் தருவார்.

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணன்), வாப்பா இருபது வருஷம் சங்கு குளித்தவர். உயிரைக் கொடுத்து எடுப்பதால்தான் சங்குக்கு விலை என்பார். காலேஜில், வாங்குகிறவன் ஆசைதான் விலை என்கிறார்கள். எது சரி?

இந்தக் கேள்விக்குத்தான் உட்கார்ந்திருந்தேன். வாப்பா பக்கம் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். வேட்டையாடிப் பிழைக்கும் கூட்டத்தில் பீவர் என்ற ஆற்று விலங்கு ஒன்றைக் கொல்ல மானைக் கொல்வதைப்போல் இரண்டு மடங்கு பாடு என்றால், ஒரு பீவருக்கு இரண்டு மான் என்றார் ஸ்மித். இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நூலையே கட்டினார். எதிர்ப்பக்கம் வேட்லி, ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் நடத்தி, பிறகு டப்ளின் பேராயர் ஆனவர். அவர் எடுத்த உதாரணம் நம்ம தொழில்தான்: மனிதர்கள் முங்கி எடுப்பதால் முத்துக்கு விலை வரவில்லை, விலை இருப்பதால்தான் முங்குகிறார்கள்.

வாப்பாவையே கேட்டுப் பாருங்கள். ஒரே நாள், ஒரே ஆழம், அதே மூச்சு. ஒரு முங்கில் சாதாரணச் சங்கு, அடுத்த முங்கில் வலம்புரி. பாடு ஒன்றுதான், விலை மலையும் மடுவும். அப்படியானால் வேட்லி ஜெயித்தாரா? அவசரப்படாதீர்கள். ரிக்கார்டோ முதல் அத்தியாயத்திலேயே அரிய சிலை, பழைய நாணயம், குறிப்பிட்ட தோட்டத்து ஒயின் என்று சிலதைத் தனியாக ஒதுக்கிவிட்டார். உழைத்து அதிகமாக்க முடியாத சரக்குக்கு அது அரிதாகக் கிடைப்பதுதான் விலையை முடிவு செய்கிறது, தன் கணக்கு அதற்கு இல்லை என்றார். வலம்புரியை அவர் அந்தக் கூடையில்தான் போட்டிருப்பார். ரிக்கார்டோவை வலம்புரியால் அடிப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்காதவர்கள். (மறுபடியும் அதே எச்சரிக்கைதான்.)

பெரியபட்டினத்திலிருந்து: வேட்லி சொன்னது சரியென்றால், ஜப்பானில் முத்து வளர்க்க ஆரம்பித்த பிறகு முத்து விலை ஏன் விழுந்தது? பெண்களுக்கு ஆசை குறைந்துவிட்டதா?

நல்ல அடி. மிகிமோட்டோ 1893-ல் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார், 1930கள் வாக்கில் இயற்கை முத்து வியாபாரம் படுத்துவிட்டது. ஆசை அப்படியேதான் இருந்தது, சரக்கு குவிந்தது. அது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலில் முங்கியவன் பாடு ஒரு மூச்சுகூடக் குறையவில்லையே, அவன் எடுத்த முத்தும் ஏன் சேர்ந்து விழுந்தது?

அதே ஆள்: அவன் பட்ட பாடு கணக்கில்லை சார், அந்தக் காலத்தில் அந்தச் சரக்கைச் செய்யச் சமூகத்துக்குச் சராசரியாக எவ்வளவு உழைப்பு தேவையோ அதுதான் கணக்கு. விசைத்தறி வந்ததும் கைத்தறிக்காரன் ஒரு மணி நேர உழைப்பு அரை மணிக்குச் சமமானது என்று மார்க்ஸ் 1867-லேயே சொல்லிவிட்டார்.

இந்த மனிதர் மூலத்தைப் படித்திருக்கிறார், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் விசைத்தறித் துணியும் கைத்தறித் துணியும் ஒரே சரக்கு என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இரண்டு முத்தும் ஒரே சரக்கா என்பதை யார் முடிவு செய்வது? வாங்குகிறவன்தானே? வேட்லி புறவாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார் பாருங்கள்.

பாம்பனிலிருந்து: நான் விசைப்படகு வைத்திருக்கிறேன். டீசல், ஐஸ், கூலி எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் கரைக்கு வருகிறேன், ஏலத்தில் அந்தக் கணக்கை ஒருத்தனும் கேட்பதில்லை. இரண்டு பேரும் சும்மா சண்டை போடுகிறீர்கள்.

அண்ணே, 1890-ல் மார்ஷல் என்பவர் இதை மீனை வைத்தேதான் விளக்கினார். கத்தரிக்கோலில் எந்தத் தகடு வெட்டுகிறது என்று கேட்பீர்களா என்று கேட்டவரும் அவர்தான். இன்றைய ஏலத்தில் மீன் ஏற்கெனவே கரையில் கிடக்கிறது, உங்கள் டீசல் எரிந்து போயாயிற்று, இன்றைக்கு வாங்குகிறவன் கைதான் ஓங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனுக்கு ஏறுகிற விலையும் அப்படித்தான், அவர்கள் செலவு கூடியதால் ஏறவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் டீசல் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நீங்கள் படகை விற்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் விற்பார், மீன் குறையும், விலை ஏறும். அப்போது செலவு தன் வேலையைக் காட்டும்.

தொண்டியிலிருந்து: தங்கம் இப்போது வாங்கலாமா?

மேலே பார்க்கவும்.

பரமக்குடியிலிருந்து: அர்த்தசாஸ்திரத்திலும் குறளிலும் இதெல்லாம் அப்போதே இருக்கிறதே, பிறகு ஸ்மித் எதற்கு?

இந்தக் கேள்வி மட்டும் ஆறு பேரிடமிருந்து. அர்த்தசாஸ்திரச் சுவடி 1905-ல்தான் மைசூரில் நூலகர் சாமாசாஸ்திரி கைக்கு வந்தது, 1909-ல் அச்சானது. அரசன் கஜானாவை எப்படி நிரப்புவது, சுங்கம் எவ்வளவு வாங்குவது என்பதெல்லாம் அதில் பிரமாதமாக இருக்கிறது. அரசன் ஆணை இல்லாமலே விலை எப்படி ஒரு இடத்தில் வந்து நிற்கிறது என்பது வேறு கேள்வி. குறளின் பொருட்பாலில் 70 அதிகாரம், பெரும்பாலும் அரசும் அமைச்சும் நட்பும். பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்துவிட்டுப் பெருமைப்படுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: பொருளாதாரம் விஞ்ஞானமா?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1953-ல், அனுமானம் நிஜம்போல் இல்லாவிட்டாலும் கணிப்பு பலித்தால் போதும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. தனியாக ஒரு நாள் பேசுவோம்.

மறுபடி கீழக்கரைத் தம்பி: காக்கா, எல்லாவற்றையும் வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "விலை இருந்ததால் குளித்தேன் என்று யார் சொன்னது, வேறு வேலை தெரியாததால் குளித்தேன்" என்கிறார்.

வேட்லிக்கு இப்படி ஒரு பதிலை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. கடினமான, அருவருப்பான தொழிலுக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்று எழுதிய ஸ்மித், அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டார்: ஆளுக்கு விரும்பிய தொழிலுக்கு மாறிக்கொள்ளும் சுதந்திரம் இருக்க வேண்டும். வாப்பாவுக்கு அது எங்கே இருந்தது? நாளை அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், அவரைக் கூட்டி வாருங்கள். படகில் பங்கு எப்படிப் பிரித்தார்கள், வலம்புரி கிடைத்த அன்று யாருக்கு எவ்வளவு போனது என்று நான் அவரிடம் கேட்க வேண்டும்.