கயாக்கில் தூண்டில் சாமான்களைப் பூட்டுவது: கேள்வியும் பதிலும்

கயாக்கில் ரொட் ஹோல்டர் (தூண்டில் தடியைத் தாங்குகிற பிடி), நங்கூரம், மீன் தேடும் கருவி எல்லாம் எப்படிப் பூட்டுவது என்று கேட்டு அனுப்பியவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். உங்களில் அதிகம் பேர் பொல்கொடையிலும் நீர்கொழும்புக் களப்பிலும் ஓட்டுகிறவர்கள். சிலர் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் கல்கிசைப் பக்கம் கடலுக்கும் இறங்குகிறீர்கள். எங்கே ஓட்டினாலும் நான் பார்ப்பது இரண்டு விஷயம். கயாக் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் சாமான் அதிலேயே நிற்க வேண்டும். நிற்கிற சாமான் உங்கள் கையையோ காலையோ சிக்கவைக்கக் கூடாது.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, மேலே இருந்து ஓட்டுகிற பிளாஸ்டிக் கயாக் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். ரொட் ஹோல்டரை எந்த இடத்தில் பூட்டுவது?

தம்பி, இப்போதைக்கு ட்ரில்லை எடுக்காதீர்கள். முதலில் சில தடவை எதுவும் பூட்டாமல் ஓட்டிப் பாருங்கள். படத்தில் பார்த்த இடம் உங்கள் உடம்புக்குப் பொருந்தாது. உங்கள் கை நீளமும், நீங்கள் ஆசனத்தில் இருக்கும் விதமும்தான் இடத்தைத் தீர்மானிக்கும்.

அப்புறம் கயாக்கைப் புல்லில் வைத்து, லைஃப் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு ஏறி இருங்கள். துடுப்பை இரண்டு பக்கமும் முழு வீச்சில் வலியுங்கள். துடுப்பும் கைமுட்டியும் போய்வருகிற இடத்தில் எதுவும் வரக்கூடாது. மிச்ச இடத்தில் ஹோல்டரை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, ரீலோடு ரொட்டை வைத்துப் பாருங்கள். ரீல் கைப்பிடி சுற்ற இடம் இருக்கிறதா? முதுகைத் திருப்பாமல் ரொட்டை எடுக்க முடிகிறதா? ஆசனத்துக்குப் பின்னால் எட்டி எடுக்கிற ஹோல்டர் கரையில் வசதியாகத்தான் தெரியும். அலையில் மீன் இழுக்கும்போது இடுப்பைத் திருப்பி ஒரு பக்கம் சாய்ந்து எட்டினால், அந்த நேரத்தில்தான் கயாக் புரளும். தூண்டிலை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முழங்காலுக்கு முன்னால் ஒன்று போதும் என்பது என் கருத்து. ரொட் நுனி எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

மட்டக்குளியிலிருந்து: ஹோல்டரோடு தந்த ஸ்குரூ ஆணிகளையே முறுக்கினால் போதாதா?

போதாது. கயாக்கின் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்பு உள்ள பொலிஎதிலீன். மெழுகுத்தன்மை உள்ள மென்மையான பிளாஸ்டிக் அது. நல்ல பாரை மீன் ஒன்று பக்கவாட்டில் இழுக்கும்போது ஹோல்டர் நெம்புகோலாக வேலை செய்து ஸ்குரூவைப் பிடுங்குகிறது. ரொட், ரீல், ஹோல்டர் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போகும்.

உள்ளே கை போகுமா என்று முதலில் பாருங்கள். மூடியைத் திறந்து நீங்கள் துளைக்கப் போகிற இடத்துக்கு அடியில் விரல் எட்டுமானால் வேறு யோசனையே வேண்டாம். போல்டை நேராக ஊடுருவ விட்டு, அடியில் அகலமான வொஷரும் நைலொன் வளையம் உள்ள நட்டும் போடுங்கள். வொஷரைவிடத் தகடு நல்லது. சமையலறையில் மரக்கறி வெட்டுகிற பிளாஸ்டிக் பலகையில் ஒரு துண்டை அறுத்து அடியில் வைத்தால் இழுவை பரந்து போகும். அது துருப்பிடிக்காது, விலையும் குறைவு.

கை எட்டாவிட்டால் வெல் நட் போடலாம். றப்பர் உறைக்குள் ஒரு பித்தளை நட் இருக்கும். போல்டை முறுக்க முறுக்க றப்பர் உள்ளே புடைத்துப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் வராது. துளை றப்பரின் பருமனுக்குச் சரியாக இருக்க வேண்டும்; பெரிதாகிவிட்டால் நட்டும் சேர்ந்து சுழலும். நம் வெயிலுக்கு அந்த றப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். உள்ளே மூன்று இதழாக விரிகிற ரிவெட்டும் நன்றாகப் பிடிக்கும். சாதாரண கூரைத் தகட்டு ரிவெட்டைப் போடாதீர்கள். அது பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

துளைக்கும்போது ட்ரில் பிட்டில் ஓர் அங்குலம் விட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கை வழுக்கி பிட் அடிப்பக்கத்தையும் துளைத்த கயாக்குகள் உண்டு. வேகத்தைக் குறைத்துத் துளையுங்கள், வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிசுபிசுக்கும். துளையின் விளிம்பில் பிசிறு நிற்க விடாதீர்கள். வெடிப்பு தொடங்குவது அந்தப் பிசிறிலிருந்துதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எந்த ஸ்டீல் போல்ட் வாங்குவது? கடையில் எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கிறது.

போல்ட் தலையில் பாருங்கள். ஏ2 என்று குத்தியிருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316. களப்புக்கும் கடலுக்கும் 316 தான். பழைய சோனகத் தெருவில் கொஞ்சம் அலைந்தால் கிடைக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய போல்ட்டை மலிவுக்காக வாங்காதீர்கள், உப்புத் தண்ணீரில் நிற்காது. அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் சேர்கிற இடத்தில் மெல்லிதாக மரைன் கிறீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூத்து, போல்ட் இறுகிவிடும். எந்த வகை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

தெஹிவளையிலிருந்து: சிலிக்கோன் நிறையப் பூசி ஒட்டினால் ஓட்டை போடாமலே தப்பலாமா?

இல்லை தங்கச்சி. பொலிஎதிலீனில் சாதாரணப் பசை எதுவும் உறுதியாக ஒட்டாது. சிலிக்கோன் தண்ணீரை அடைக்க மட்டும்தான், சுமை தாங்க அல்ல. அடைப்பதற்கும் பியூட்டைல் டேப் (மென்மையான றப்பர் ஒட்டு நாடா) இன்னும் நல்லது. அது காய்ந்து போகாது, கழற்றும்போது சுத்தமாக வரும். ஓட்டை போட மனமில்லை என்றால் தண்ணீர் வடிகிற குழிகள் வழியாகப் பட்டி போட்டு இழுத்துக் கட்டலாம், அல்லது கயாக்கோடு வந்த கொழுவிகளில் கட்டலாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து: சாமான்களைக் கொழுவுகிற ஒரு மீற்றர் நீள அலுமினியத் தண்டவாளம் வைத்திருக்கிறேன். முழுசாகப் பூட்டினால் நல்ல உறுதியாக இருக்கும்தானே?

உறுதியாகத் தோன்றும், ஆனால் வெயில் கெடுத்துவிடும். காலையில் தண்ணீரில் குளிர்ந்திருந்த கயாக் மதியம் கரையில் கிடந்தால் முப்பது பாகை சூடேறுவது சாதாரணம். அந்தச் சூட்டில் ஒரு மீற்றர் பொலிஎதிலீன் நாலு மில்லிமீற்றர் அளவுக்கு நீளும். அலுமினியம் ஒரு மில்லிமீற்றர்கூட நீளாது. இரண்டையும் பல இடத்தில் இறுக்கிப் பூட்டினால் பிளாஸ்டிக் நெளியும், துளைகள் இழுபடும், பிறகு ஒழுகும். மூன்றாக அறுத்து இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். போல்ட்டையும் மட்டாக முறுக்குங்கள். வொஷர் பிளாஸ்டிக்கில் பதியத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

வத்தளையிலிருந்து: என்னுடையது இங்கே செய்த பைபர் கயாக். இதே முறைதானா?

பெரும்பாலும் இதேதான். பைபர் நெளியாது, வெடிக்கும். அதனால் அடித்தகடு கட்டாயம். துளைக்கிற இடத்தில் டேப் ஒட்டி, முதலில் ட்ரில்லைப் பின்பக்கமாகச் சுழல விட்டு மேல் பூச்சைத் தேய்த்து, பிறகு முன்பக்கமாகத் துளையுங்கள். துளையின் உள் விளிம்புக்கு எபொக்சி தடவுங்கள். முகமூடி போடாமல் பைபரை அறுக்க வேண்டாம்.

காற்றடிக்கிற கயாக்குக்கு?

கயாக்கின் துணி பிவிசி என்றால் பிவிசி அடித்தட்டு வாங்கி, இரண்டு கலவைப் பசையால் ஒட்டுங்கள். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் துடைத்துக் காயவிட்டு, பசை குறிப்பிடுகிற நேரம் முழுவதும் காத்திருங்கள்.

இராஜகிரியவிலிருந்து: மீன் தேடும் கருவியின் சென்சரை வெளியே பூட்டினால் கிளையில் அடிபடுகிறது. உள்ளே வைக்கலாமா?

வைக்கலாம். ஒற்றைப் பிளாஸ்டிக் சுவர் வழியாகச் சோனார் ஒலி போகும், காற்று வழியாகத்தான் போகாது. ஆகவே சென்சருக்கும் சுவருக்கும் இடையில் குமிழி இல்லாமல் டக்ட் சீல் (களி போன்ற, காயாத அடைப்புப் பொருள்) வைத்து அழுத்துங்கள். வெப்பநிலை மட்டும் சரியாகக் காட்டாது, பக்கவாட்டுப் படம் காட்டுகிற வகையும் உள்ளே இருந்து சரிவராது. 12 வோல்ட் பற்றரியைக் கயாக்கின் நடுவில், அடியில், பட்டி போட்டுக் கட்டுங்கள். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிளுக்கு விற்கிற பியூஸ் பெட்டியே போதும். பியூஸின் அளவு கருவியின் கையேட்டில் இருக்கும்.

மொரட்டுவையிலிருந்து: நங்கூரக் கயிற்றை ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளீட் (கயிறு சுற்றிக் கட்டுகிற கொம்பு) போட்டுக் கட்டியிருக்கிறேன். கைக்கு எட்டுகிறது. சரியா அண்ணா?

தயவுசெய்து அதை மாற்றுங்கள். இந்தப் பதிவில் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்ட கேள்வி இதுதான்.

நீரோட்டத்தில் பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் கயாக்கின் ஒரு பக்கத்தை அடியோடு இழுக்கும். பொல்கொட நீர் பாணந்துறையில் கடலுக்குப் போகிற இடத்தில், வற்று நேரத்தில், அந்த இழுவையை நீங்கள் சமாளிக்க முடியாது. நங்கூரம் முன் அணியத்திலோ பின் நுனியிலோதான் பிடிக்க வேண்டும். அங்கே கை எட்டாது என்பதால்தான் ட்ரொலி போடுகிறோம். முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறு கப்பி, அவற்றுக்கிடையில் பக்கம் முழுவதும் ஓடுகிற ஒரு கயிற்று வளையம், அதில் நங்கூரக் கயிறு ஊடாகப் போகிற ஒரு வளையக் கொக்கி. இருந்த இடத்திலிருந்தே கயிற்று வளையத்தை இழுத்து நங்கூரத்தை முனைக்கு அனுப்பலாம். கப்பிகள் முழுச் சுமையையும் தாங்குவதால் அவற்றுக்கு ஊடுருவிய போல்ட் மட்டும்தான்.

களப்புக்கு ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஆழத்தைப் போல மூன்று நாலு மடங்கு கயிறு விடுங்கள். கயிற்றின் கடைசியில் ஒரு மிதவை இருக்கட்டும். மீன் இழுத்தாலோ நங்கூரம் சிக்கினாலோ ஒரே இழுப்பில் கழற்றி விட்டுவிட்டு, பிறகு வந்து எடுக்கலாம். கத்தி லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

கிருலப்பனையிலிருந்து: எல்லாச் சாமானையும் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் பயமில்லைதானே?

களப்பில் சரி. ஒவ்வொரு ரொட்டுக்கும் சுருள் கயிறு ஒன்று போதும், குட்டையாக இருக்கட்டும். உங்கள் உடம்போடு எதையும் கட்டாதீர்கள். கல்கிசையில் அலை உடைகிற இடத்தைக் கடக்கும்போது கதை வேறு. கவிழ்ந்தால் ஆறேழு கயிறும் தூண்டில் கொக்கிகளும் உங்களைச் சுற்றிக்கொள்ளும். அலையைத் தாண்டும் வரை ரொட்டுகளை உள்ளே போட்டு மூடியை அடையுங்கள், அல்லது தளத்தில் படுக்க வைத்துக் கட்டுங்கள்.

பிடித்த மீனைக் கயிற்றில் கோர்த்துப் பக்கத்தில் தொங்கவிடுகிறவர்களுக்கும் ஒன்று. பொல்கொடையில் முதலை உண்டு. ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

வத்தளையிலிருந்து இன்னொருவர்: ஹோல்டருக்குக் காசில்லை. மரக்கறிக் கிரேட்டும் பிவிசி குழாயும் சரிவருமா?

அருமையாக வரும். தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதைத்தான். ஒன்றரை அங்குலக் குழாயை வெட்டி, மேல் வாயில் ரீல் கால் உட்காரப் பள்ளம் அறுத்து, விளிம்பை அரத்தாள் போட்டுத் தேயுங்கள். கிரேட்டோடு போல்ட் போட்டு இணையுங்கள். கேபிள் டை போடுவதென்றால் கறுப்பு நிறத்தில் போடுங்கள், வெள்ளை வெயிலில் நொறுங்கும். கிரேட்டை இழுபடுகிற றப்பர் கயிற்றால் மட்டும் கட்டாதீர்கள். நாலு மூலையிலும் பக்கிள் பட்டி வேண்டும். ஈயக்குண்டுகள் அடியில், இலேசானவை மேலே.

வெள்ளவத்தையிலிருந்து மறுபடியும்: பூட்டிய பிறகு ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? தவறான இடத்தில் துளைத்துவிட்டால்?

வடிகால் மூடியைத் திறந்து வாயால் ஊதி, போல்ட்களைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் ஒழுக்கு. கொம்பிரஸர் வேண்டாம், கயாக் உப்பிவிடும். தவறான துளைக்கு ஒரு குட்டைப் போல்ட், இரு பக்கமும் சைக்கிள் டியூப்பில் வெட்டிய வொஷர். நிரந்தரமாக மூட வேண்டுமானால் அதே பிளாஸ்டிக்கால் வெல்ட் செய்விக்கலாம்.

பிறகு ஒரு நாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில், கூட ஒருவர் நிற்க, பழைய ரொட் ஒன்றை வைத்துக் கயாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். திரும்ப நிமிர்த்தி ஏறும்போது எந்தச் சாமான் நெஞ்சில் இடிக்கிறதோ, அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.